பிள்ளையின் உளநலத்துக்குப் பாடசாலை செய்யும் வேலை, அதில் வீட்டாரின் பங்கு

2019 மே மாதம் பாடசாலைகள் திரும்பத் திறந்தபோது மட்டக்களப்பில் பாடசாலை வாசல்களில் பெற்றோர் நின்றார்கள். உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துச் சில கிழமைகள்தான் ஆகியிருந்தன. ஞாயிறு பள்ளிக்கு வந்த பிள்ளைகளை அந்தக் குண்டு கொண்டுபோயிருந்தது. புத்தகப் பைகளைத் திறந்து பார்க்க ஆள் வேண்டும் என்றதும் பெற்றோர் முறை போட்டுக்கொண்டு வந்தார்கள். நான் அப்போது ஒரு பாடசாலையில் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியை. காலை ஏழு மணிக்கு முன்னமே வந்து, வேலைக்குப் போவதைத் தள்ளிப்போட்டு, ஒவ்வொரு பையாகத் திறந்து சோற்றுப் பெட்டி வரை பார்த்த அப்பாமாரை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர்களில் பலரை நான் அதற்கு முன் பாடசாலையில் கண்டதே இல்லை.

அதே பாடசாலையில் சில மாதம் கழித்துப் பிள்ளைகளின் உளநலம் பற்றிப் பெற்றோருக்கு ஒரு கூட்டம் வைத்தோம். பிள்ளைகளின் கையில் கடிதம் கொடுத்துவிட்டோம். வந்தவர்கள் பன்னிரண்டு பேர். பத்துப் பேர் அம்மாமார், ஒருவர் அம்மம்மா, ஒருவர் அப்பா. நெடுநாள் அதை நினைத்துக் கவலைப்பட்டேன். பிள்ளை மேல் அக்கறை இல்லாமல் வராமல் விட்டார்கள் என்று சொல்ல முடியாது. வாசலில் நின்றபோது தங்கள் வேலை என்னவென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பையைத் திறக்க வேண்டும், பார்க்க வேண்டும், மூடிக் கொடுக்க வேண்டும். உளநலக் கூட்டத்துக்கு வந்தால் அவர்களுக்கு என்ன வேலை என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த வேலையைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

டெங்கு வந்த ஊருக்கு இது விளங்கும்

"பாடசாலை உளநலத் திட்டம்" என்றதும் பலருக்கு மனதில் வருவது ஓர் அறை, ஒரு மேசை, அழுதுகொண்டிருக்கும் ஒரு பிள்ளை. அது திட்டத்தின் ஒரு மூலை மட்டும்தான். முழுவதையும் விளங்கிக்கொள்ள டெங்கை நினைத்துப் பாருங்கள். மாரி மழை முடிந்ததும் ஊர் முழுக்க வளவு துப்புரவாக்கச் சொல்வார்கள். காய்ச்சல் வந்த வீடும் வராத வீடும் அதில் சமம். அப்புறம் ஒரு ஒழுங்கையில் இரண்டு பேருக்குக் காய்ச்சல் என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அந்த ஒழுங்கைக்குப் போய்க் கூடுதலாகத் தேடுவார், புகை அடிப்பார்கள். காய்ச்சல் வந்தவரை மட்டும் இரத்தம் சோதித்து வைத்தியசாலையில் வைத்திருப்பார்கள்.

பாடசாலையில் நடப்பதும் இந்த மூன்று படிதான். முதல் படி எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது. கோபம் வந்தால் என்ன செய்வது, கூட்டாளி ஒதுக்கினால் யாரிடம் சொல்வது, பரீட்சைப் பயத்தை எப்படிச் சமாளிப்பது என்பதைப் பழக்குவது அதில் அடங்கும். உலக சுகாதார நிறுவனம் 1990களில் பத்து வாழ்க்கைத் திறன்களைச் சொன்னது. முடிவெடுத்தல், பிறர் நிலையில் நின்று உணர்தல், உணர்ச்சியைக் கையாளுதல் போன்றவை அந்தப் பத்தில் உண்டு. வகுப்பில் ஆசிரியர் பிள்ளையைப் பெயர் சொல்லி அழைப்பதும், பிழை விட்ட பிள்ளையை எல்லோர் முன்னும் அவமானப்படுத்தாமல் இருப்பதும் கூட இந்தப் படியில்தான் சேரும்.

இரண்டாம் படி, கொஞ்சம் கூடுதல் பாரம் சுமக்கும் பிள்ளைகளுக்கு. அப்பா அண்மையில் இறந்திருக்கலாம், அம்மா குவைத்துக்கோ கட்டாருக்கோ போயிருக்கலாம், வெள்ளத்தில் வீடு போயிருக்கலாம், வீட்டில் ஒவ்வொரு இரவும் குடிச் சண்டை நடக்கலாம். அந்தப் பிள்ளைகளுக்கு நோய் ஒன்றும் இல்லை. ஆனால் அவர்களைச் சிறு குழுவாகச் சேர்த்து, அடிக்கடி விசாரித்து, ஒரு கண் வைத்திருக்க வேண்டும். மூன்றாம் படியில்தான் அந்த அறையும் மேசையும் வருகின்றன. பிள்ளையின் நித்திரையும் சாப்பாடும் படிப்பும் குலைந்துபோனால் உளவளத்துணையும், தேவைப்பட்டால் வைத்தியரும் வேண்டும்.

மூன்றாம் படிக்கு வரும் பிள்ளைகள் அரிது என்று நினைக்க வேண்டாம். 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் ஏழு பேரில் ஒருவர் ஏதோ ஓர் உளநலக் குறைபாட்டோடு வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது உலகம் முழுவதற்குமான கணக்கு. அதன்படி 35 பேர் உள்ள ஒரு வகுப்பில் ஐந்து பிள்ளைகள். உளநலக் குறைபாடுகளில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளேயே, பாதி 18 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றன என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. 14 வயது என்றால் ஒன்பதாம் வகுப்பு. "இந்த வயசில அவனுக்கு என்ன கவலை" என்று நாம் கேட்கிற வயது.

சரி, இதில் வீட்டாருக்கு என்ன வேலை? டெங்குக்கே திரும்பிப் போகிறேன். பாடசாலை வளவை எவ்வளவு கூட்டினாலும் வீட்டு வளவில் சிரட்டையிலும் யோகட் கப்பிலும் தண்ணீர் தேங்கி நின்றால் நுளம்பு பெருகத்தான் செய்யும். உள்ளே வந்து கூட்டுவதற்குப் பாடசாலைக்கு வழி இல்லை. பிள்ளை ஒரு நாளில் ஆறு மணித்தியாலம் பாடசாலையில் இருக்கிறது, ஏழரைக்கு வந்து ஒன்றரைக்குப் போய்விடுகிறது. மிச்சம் பதினெட்டு மணித்தியாலம் உங்களோடு.

இரு கரை, ஒரே தூதர்

பெற்றோரின் பங்கேற்பு என்றால் பாடசாலைக் கூட்டங்களுக்கு வருவது, அபிவிருத்திச் சங்கத்துக்குக் காசு கட்டுவது, சிரமதானத்துக்கு மண்வெட்டியோடு போவது என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். எல்லாம் நல்ல காரியங்கள். இன்னொரு பழைய வகைப் பங்கேற்பும் இருந்தது. அப்பா பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, "சேர், கண்ண மட்டும் விட்டுட்டு எங்கயும் அடிங்க, எப்படியாவது படிச்சா சரி" என்று ஒப்படைத்துவிட்டுப் போவார். அந்த ஒப்படைப்பில் ஆசிரியர் மேல் இருந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் அன்றிலிருந்து அந்தப் பிள்ளைக்கு வீட்டிலும் பாடசாலையிலும் போய்ச் சொல்ல ஒருவரும் இல்லாமல் போனது. பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு சுற்றறிக்கை விட்டு வெகு காலம் ஆகிவிட்டது. அந்த வசனம் இன்னும் நின்றபாடில்லை.

உளநல விஷயத்தில் பங்கேற்பு என்பதற்கு நான் வைத்திருக்கும் பொருள் மிகச் சிறியது. பிள்ளையைப் பற்றிய செய்தி வீட்டிலிருந்து பாடசாலைக்கும், பாடசாலையிலிருந்து வீட்டுக்கும், பிள்ளையின் தலையில் சுமத்தாமல் போய்வர வேண்டும்.

பிள்ளை வளர்ச்சி பற்றி எழுதிய யூரி புரொன்பென்பிரென்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1979இல் இதை ஒரு கோட்பாடாகவே சொன்னார். வீடு பிள்ளையைப் பாதிக்கிறது, பாடசாலை பாதிக்கிறது, அது எல்லோருக்கும் தெரியும். அவர் ஒரு படி மேலே போய், வீட்டுக்கும் பாடசாலைக்கும் நடுவில் உள்ள தொடுப்பே தனியாகப் பிள்ளையைப் பாதிக்கிறது என்றார். வீடு நல்லதாக இருக்கலாம், பாடசாலையும் நல்லதாக இருக்கலாம், இரண்டுக்கும் கதை பேச்சு இல்லாவிட்டால் பிள்ளை நடுவில் தத்தளிக்கும்.

எங்கள் ஊர்க்காரருக்கு இது புதிதாக இருக்காது. எழுவான்கரையும் படுவான்கரையும் வாவியின் இரு பக்கம். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை அந்த இடத்தில் கடக்கப் பாதைதான் இருந்தது. பாதை என்று நாங்கள் சொல்வது ஆளையும் வாகனத்தையும் ஏற்றி இழுத்துப் போகும் அந்தத் தெப்பத்தை. கரையில் காத்து நின்று, அது வந்த பிறகு ஏறி, அக்கரையில் ஒரு மையத்து வீட்டுக்கு நேரத்துக்குப் போக முடியாமல் தவித்தவர்கள் எத்தனை பேர். வீட்டுக்கும் பாடசாலைக்கும் நடுவில் இப்போதும் பல பிள்ளைகளுக்கு அப்படி ஒரு வாவி கிடக்கிறது. அதைக் கடக்கும் பாதை அந்தப் பிள்ளை ஒன்றே. அதன் பையில் போகும் கடிதம், அதன் வாயால் போகும் செய்தி, அதன் ரிப்போர்ட். தனக்குச் சங்கடமான செய்தியைப் பிள்ளை நடு வாவியில் போட்டுவிடும். யார்தான் போட மாட்டார்கள்?

ஓர் உதாரணம். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று இரண்டு கிழமையாக வகுப்பில் மேசையில் தலை வைத்துப் படுத்தது. ஆசிரியைக்கு அது சோம்பல். வீட்டில் அந்தப் பிள்ளை இரவில் எழும்பி எழும்பி உட்கார்ந்திருந்தது. அம்மாவுக்கு அது போன் பழக்கம். இரண்டு பேரும் ஒரு தடவை ஐந்து நிமிடம் கதைத்திருந்தால், இரவு நித்திரை இல்லை, அதனால் பகலில் தலை தூக்க முடியவில்லை, இதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்று தெரிந்திருக்கும். அவர்கள் கதைத்தது மூன்று மாதம் கழித்து, தவணைப் பரீட்சை மார்க்ஸ் வந்த அன்றைக்கு. கிழமைக்கடன் காசு வாங்க வருபவர் இரவு வரை வாசலில் குந்தியிருந்து அம்மாவை ஏசியதைக் கேட்டதிலிருந்து பிள்ளைக்கு நித்திரை போயிருந்தது.

"பெற்றோர்" என்று யாரைச் சொல்கிறோம்

பாடசாலைப் படிவங்களில் "தாய் / தந்தை / பாதுகாவலர்" என்று ஒரு வரி இருக்கும். இந்த மாவட்டங்களில் அந்த வரியை நிதானமாக வாசிக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் குடி, அதாவது குலம், தாய்வழியாக வருகிறது, வீடு வளவு பெண்பிள்ளைக்குப் போகிறது, கலியாணம் முடித்தவர் மனைவி வீட்டோடு வந்து சேர்கிறார். தமிழரிலும் முஸ்லிம்களிலும் இந்த வழக்கம் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் பிள்ளையைச் சுற்றி அம்மம்மா அல்லது மூத்தம்மா, பெரியம்மா, சின்னம்மா, தாய்மாமன் எல்லோரும் ஒரே வளவில் அல்லது ஒரு வேலிக்கு அப்பால் இருப்பார்கள். இது பெரிய பலம். அம்மா வெளிநாடு போனாலும் பிள்ளை தெருவில் நிற்பதில்லை.

ஆனால் பாடசாலை பெற்றோரை அழைக்கும்போது இவர்களை எண்ணுவதில்லை. அம்மம்மா வந்தால், "அம்மாவை வரச் சொல்லுங்க" என்று திருப்பி அனுப்பிய சம்பவங்களை நான் பார்த்திருக்கிறேன். அம்மா எங்கே வர? அவர் ரியாத்தில் யாரோ ஒருவருடைய குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பிள்ளை எத்தனை மணிக்குப் படுக்கிறது, எந்தச் சாப்பாட்டை ஒதுக்குகிறது, யாரோடு விளையாடுவதை நிறுத்திவிட்டது என்பதெல்லாம் தெரிந்த ஆள் அந்த அம்மம்மாதான். எழுத வாசிக்கத் தெரியாவிட்டால் என்ன? அவரிடம் கேட்டால் வாயால் சொல்வார். வெளிநாட்டில் இருக்கும் அம்மாவுக்கு வகுப்பாசிரியை வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பலாம். "மகள் இண்டைக்கு நல்லா வாசிச்சா" என்று அரை நிமிடம். அந்த அம்மா அதை எத்தனை தடவை போட்டுக் கேட்பார் என்று எனக்குத் தெரியும்.

ஏன் வர மாட்டேன் என்கிறார்கள்

ஆசிரியர் அறையில் இதற்கு ஒரே விடைதான் சொல்லப்படும்: "இவங்களுக்கு அக்கறை இல்ல". நான் ஒத்துக்கொள்வதில்லை. கூட்டம் காலை பத்து மணிக்கு என்றால் கூலிக்குப் போகிறவருக்கு ஒரு நாள் சம்பளம் போகிறது. இரவு முழுக்கக் கடலில் நின்றவர் அந்த நேரம் நித்திரை. பெரும்போக அறுவடைக் காலத்தில் படுவான்கரையில் வீட்டில் ஆளே இருக்காது. யானைக் காவலுக்குப் போய் வந்தவர்கள் பகலில் கண்ணைத் திறக்க மாட்டார்கள். இவை எல்லாம் நேரத்தைப் பற்றிய சிக்கல்கள். நேரத்தை மாற்றினால் தீரும்.

தீராத சிக்கல் வேறு. பாடசாலை கூப்பிடுகிறது என்றால் ஒன்றில் காசு, இல்லாவிட்டால் முறைப்பாடு. பத்து வருடம் அப்படியே பழகிய பெற்றோர் பாடசாலை நம்பரைப் போனில் கண்டதும் நெஞ்சைப் பிடிக்கிறார்கள். அதற்கும் கீழே இன்னொரு பயம் கிடக்கிறது. தொண்ணூறுகளில் இந்த ஊர்களில் பெயர் சொல்லி ஆளைக் கூப்பிட்டால் அதற்கு நல்ல பொருள் இருந்ததில்லை. அந்தக் காலத்தில் பிள்ளைகளாக இருந்தவர்கள்தான் இன்று உயர்தரப் பிள்ளைகளின் தாய் தகப்பன். 2004 டிசம்பர் 26ஆம் திகதி நாவலடியிலோ மருதமுனையிலோ காரைதீவிலோ பத்து வயதில் தண்ணீரைக் கண்டு ஓடிய பிள்ளைக்கு இன்று முப்பது கடந்துவிட்டது. அவருடைய பிள்ளை இப்போது ஐந்தாம் வகுப்பில். "உங்கள் பிள்ளையின் பயத்தைப் பற்றிக் கதைப்போம்" என்று நாம் அவரை அழைக்கும்போது, அவரிடம் யாரும் இதுவரை கேட்காத அவருடைய பயமும் கூட எழும்பி வருகிறது. கூட்டத்தின் நடுவில் எழுந்து வெளியே போய் மாமரத்தடியில் நின்ற ஓர் அம்மாவை எனக்குத் தெரியும். அவரை "அக்கறை இல்லாதவர்" என்று எழுதினால் அது பாவம்.

அப்புறம் வெட்கம். "விசர்" என்ற சொல் ஒரு வீட்டின் மேல் விழுந்துவிட்டால் அக்கா, தங்கச்சியின் கலியாணம் வரை அது போகும் என்று அஞ்சுகிறார்கள். அதனால்தான் முதலில் கோயிலில் நூல் கட்டுகிறார்கள், நாவூறு கழிக்கிறார்கள், தண்ணீர் ஓதிக் கொடுக்கிறார்கள். இதைக் கண்டு முகம் சுளிக்கும் ஆசிரியர்களோடு நான் பல தடவை வாதாடியிருக்கிறேன். நூல் கட்டிய கையோடு பிள்ளை கிளினிக்குக்கு வரலாம், அதில் ஒரு தடையும் இல்லை. நூலை அவிழ்த்துவிட்டு வா என்றால் அந்தக் குடும்பம் திரும்ப வராது. வைகாசிக் குளிர்த்திச் சடங்கில் கண்ணகி அம்மன் முன்னால் அழுது முடித்து வீட்டுக்கு வரும் ஒரு தாயின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு, அங்கே ஏதோ ஒரு பாரம் இறங்குகிறது என்பது தெரியும். மருந்து வேண்டிய பிள்ளைக்கு மருந்து கிடைக்காமல் தள்ளிப்போவதில்தான் ஆபத்து இருக்கிறது.

வீட்டில் இருந்து செய்யக்கூடியவை

முதல் வேலை கவனிப்பது. ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பது எல்லாப் பிள்ளையும் செய்வது. இரண்டு கிழமைக்கு மேல் நீடிக்கும் மாற்றத்தைத்தான் தேட வேண்டும். நித்திரை, சாப்பாடு, விளையாட்டு, கூட்டாளிகள், கையெழுத்து. சிறு பிள்ளைகள் "கவலையாக இருக்கு" என்று சொல்வதில்லை, "வயிறு நோகுது" என்பார்கள். அதுவும் திங்கட்கிழமை காலையில் மட்டும் வரும் வயிற்றுநோவு, சனி ஞாயிறில் வராத தலையிடி. பிள்ளை பொய் சொல்கிறது என்று அடிக்க வேண்டாம், நோவு உண்மையானதுதான். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் கிட்ட வரும் மாதங்களில் இது கூடும். சந்தியில் தொங்கும் பெரிய பதாகைகளில் வெட்டுப்புள்ளி தாண்டிய பிள்ளைகளின் படங்களைப் பார்த்துக்கொண்டே ரியூசனுக்குப் போகும் பத்து வயதுப் பிள்ளைக்கு, அந்தப் பதாகையில் தன் படம் வராவிட்டால் வீட்டில் என்ன நடக்கும் என்ற கேள்வி இருக்கும். "வராட்டியும் நீ எங்கட பிள்ளைதான்" என்பதைப் பரீட்சைக்கு முன்னமே சொல்லிவிடுங்கள். பரீட்சை முடிந்த பிறகு சொன்னால் அது ஆறுதலாகத்தான் கேட்கும்.

இரண்டாவது, கவனித்ததை வகுப்பாசிரியரிடம் சொல்வது. நீண்ட கதை தேவையில்லை. "ரீச்சர், ரெண்டு கிழமையா இரவில நித்திரை இல்ல, வகுப்பில எப்படி இருக்கிறான்?" இவ்வளவு போதும். வீட்டில் நடந்த மரணம், பிரிவு, கடன், வெளிநாட்டுப் பயணம் இவற்றையும் சொன்னால் நல்லது. குடும்ப இரகசியம் முழுவதையும் திறக்க வேண்டியதில்லை, "வீட்டில கொஞ்சம் கஷ்டமான நேரம்" என்றாலே விளங்கிக்கொள்ளும் ஆசிரியர் விளங்கிக்கொள்வார்.

மூன்றாவது, பாடசாலையிடம் கேட்பது. பிள்ளையை ஒரு திட்டத்தில் சேர்க்கக் கையெழுத்துக் கேட்டு ஒரு தாள் வந்தால், கையெழுத்தை வைத்து அனுப்புவதோடு முடித்துக்கொள்ள வேண்டாம். என்ன செய்வீர்கள், யார் செய்வார்கள், எத்தனை நாள், எழுதி வைப்பதை யார் பார்ப்பார்கள், பிள்ளைக்குப் பிடிக்காவிட்டால் நிறுத்தலாமா? கேட்பது உங்கள் உரிமை. சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊர்களுக்கு எத்தனையோ அமைப்புகள் வந்து பிள்ளைகளைப் படம் கீறச் சொல்லிப் படிவம் நிரப்பிக்கொண்டு போனார்கள். சில நன்றாகச் செய்தன. சிலவற்றின் பெயர் கூட இப்போது யாருக்கும் நினைவில்லை. அந்தக் களைப்பு பெற்றோரிடம் இன்னும் இருக்கிறது, அது நியாயமானது. அதே மட்டக்களப்பில் 1996இல், போர் நடந்துகொண்டிருந்தபோதே, அருட்தந்தை போல் சற்குணநாயகம் போன்றவர்களின் முயற்சியில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவையும் மறக்கக் கூடாது. தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே ஒன்றாகச் சேர்ந்து மண் பிசைந்தார்கள், நிறம் பூசினார்கள், கதை சொன்னார்கள். அந்தக் காலத்தில் பிள்ளையை வீட்டுப் படலைக்கு வெளியே அனுப்புவதற்கே ஒரு தாய் எவ்வளவு நம்பியிருக்க வேண்டும்.

நான்காவதைச் செய்வது பெற்றோருக்குக் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். பிள்ளை உளவளத்துணையாளரிடம் போய் வந்ததும், "என்ன சொன்னே? என்னப் பத்தி என்ன சொன்னே?" என்று கேட்காமல் இருப்பது. அந்த அறையில் பேசியது வெளியே வராது என்ற நம்பிக்கையில்தான் பிள்ளை வாய் திறக்கிறது. பிள்ளையின் உயிருக்கோ வேறொருவருக்கோ ஆபத்து என்றாலும், யாராவது பிள்ளையைத் துன்புறுத்துகிறார்கள் என்றாலும், துணையாளர் அதை மறைத்து வைக்க மாட்டார், வைக்கவும் கூடாது. மற்றதைப் பிள்ளை தானாகச் சொல்லும் வரை பொறுத்திருங்கள். ஒரு தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்துப் பக்கத்தில் இருந்தால் போதும்.

ஒரு விஷயத்தைத் தள்ளிப்போடாமல் சொல்ல வேண்டும். "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி" என்று பிள்ளை சொன்னால், தனக்குப் பிரியமான பொருட்களை எல்லோருக்கும் கொடுக்கத் தொடங்கினால், உடம்பில் கீறிய காயங்களைக் கண்டால், அதைச் சினிமா வசனம் என்று விடாதீர்கள். "சாக வேணும் போல இருக்கா மகன்?" என்று நேரே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, அது ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட உண்மை. கேட்டால் பிள்ளைக்குத் தன்னோடு ஓர் ஆள் இருப்பது தெரியும். அன்று இரவு பிள்ளையைத் தனியே விட வேண்டாம். வயல் மருந்துப் போத்தல்களை வீட்டில் வைத்திருந்தால் பூட்டி, சாவியை நீங்கள் வைத்திருங்கள். முடிந்தால் வீட்டை விட்டே அப்புறப்படுத்துங்கள். ஆபத்தான பூச்சிகொல்லிகளை நாடு ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகு இலங்கையில் தற்கொலை மரணங்கள் பெரிதும் குறைந்தன. கைக்கு எட்டாமல் இருப்பது மட்டுமே பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

உதவிக்கு எங்கே போவது? பாடசாலையில் வகுப்பாசிரியர், ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர், அதிபர். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை பார்க்கும் உத்தியோகத்தரும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருப்பார்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. மற்ற இடத்தவர்கள் தங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் கிட்டிய கிளினிக்கைச் சொல்வார்கள். தொலைபேசியில் 1926 தேசிய மனநல நிறுவகத்தினுடையது. 1333இலும் இலவசமாகக் கதைக்கலாம். பிள்ளையை யாராவது துன்புறுத்தினால் 1929. உயிருக்கு அவசரம் என்றால் 1990 அம்புலன்ஸ். இந்த நான்கையும் அம்மம்மாவின் போனிலும் பதிந்து வையுங்கள்.

பாடசாலைகளுக்கும் ஒரு சொல்

நான் அந்தப் பன்னிரண்டு பேர் கூட்டத்துக்குப் பிறகு சிலதை மாற்றினேன். ஒவ்வொரு பிள்ளை வீட்டுக்கும் முதல் தவணையில் ஒரு நல்ல செய்தி போக வேண்டும் என்று வகுப்பாசிரியர்களைக் கேட்டேன். "கூட்டாளிக்குச் சாப்பாடு பகிர்ந்தான்" என்பது கூட நல்ல செய்திதான். கூட்டத்தைப் பின்னேரம் வைத்தோம். கைக்குழந்தையோடு வருபவர்களுக்காக உயர்தரப் பிள்ளைகள் பக்கத்து வகுப்பறையில் பாய் விரித்து விளையாட்டுக் காட்டினார்கள். தலைப்பில் இருந்து "உளநலம்" என்ற சொல்லையே எடுத்துவிட்டு "நித்திரையும் படிப்பும்" என்று போட்டோம். ஆட்கள் கூடினார்கள். எவ்வளவு என்று கணக்குச் சொல்லிப் பெருமைப்பட இல்லை, கதிரை போதாமல் வாங்கு இழுத்துப் போட வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

பெரிய மாற்றம் விரிவுரையை நிறுத்தியது. 2008இல் அமெரிக்காவில் சில ஆய்வாளர்கள், சிறு பிள்ளைகளின் பெற்றோருக்கான பயிற்சித் திட்டங்களைப் பற்றிய 77 மதிப்பீடுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். கூடுதல் பலன் தந்த திட்டங்களில் ஒரு பொதுத்தன்மை இருந்தது. அங்கேயே, அந்த இடத்திலேயே, பெற்றோர் தங்கள் பிள்ளையோடு செய்து பழகினார்கள். அந்த ஆய்வு சிறு பிள்ளைகளின் பெற்றோரைப் பற்றியது என்றாலும், பெரிய பிள்ளைகளோடும் செய்து பார்ப்போம் என்று நினைத்தேன். பெற்றோரைப் பிள்ளையோடு சோடியாக இருத்தி, ஐந்து நிமிடம் பிள்ளை கதைக்கட்டும், புத்தி சொல்லாமல் கேளுங்கள் என்றேன். ஐந்து நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

பின் வரிசையில் கல்லடிப் பக்கத்துக் கடற்றொழிலாளி ஒருவரும் அவருடைய எட்டாம் வகுப்பு மகனும் இருந்தார்கள். மூன்று நிமிடம் இருவரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்கு ஏதோ சொல்ல வாய் துடித்தது, என்னைப் பார்த்தார், அடக்கிக்கொண்டார். பிறகு பெடியன் நிமிராமலே சொன்னான்:

"நீங்க கடலுக்குப் போற இரவில எனக்கு நித்திரை வாறல்ல அப்பா."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பதுதானே அன்றைய ஒழுங்கு. கையை எடுத்து மகனின் முதுகில் வைத்தார், மணி அடிக்கும் வரை எடுக்கவில்லை. அடுத்த கிழமை அந்தப் பெடியனை வராந்தாவில் கண்டு விசாரித்தேன். அப்பா இப்போது கரைக்கு வந்து தோணியை இழுத்து வைத்ததும், மீனை இறக்குவதற்கு முன்னால், வீட்டுப் போனுக்கு ஒரு மிஸ்ட் கோல் போடுகிறாராம். நாலரை, ஐந்து மணிக்கு. அதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தால், அம்மா எழுப்பும் வரை எழும்ப மாட்டேன் ரீச்சர் என்றான்.